டெம்பரேச்சர் முள் சொல்வது மெய்யா பொய்யா: மலை ஏறும் முன் அரை மணி நேரச் சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சித்திரை பிறந்துவிட்டால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துக் குடும்பங்கள் ஊட்டிக்கும் வால்பாறைக்கும் கிளம்பிவிடும். கல்லாறு தாண்டிப் பர்லியாறு ஏற்றத்திலும், ஆழியாறிலிருந்து வால்பாறை போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும், பண்ணாரிக்கு மேலே திம்பத்தின் 27 வளைவுகளிலும் பானட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரங்கட்டி நிற்கும் பழைய கார்களை அந்த மாதங்களில் பார்க்காமல் வர முடியாது. அவற்றில் சில நிஜமாகவே கொதித்து நிற்பவை. சில, இன்ஜின் நன்றாக இருந்தும் முள் சிவப்புக்குப் போனதால் பயந்து நிறுத்தப்பட்டவை. மிகவும் வருத்தம் தருவது மூன்றாவது வகை. கடைசி வரை முள் கீழேயே இருந்திருக்கும், ஓட்டியவர் நிம்மதியாக ஏறியிருப்பார், இன்ஜினின் மேல் மூடியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போன பிறகுதான் விஷயமே தெரியும்.

இந்த மூன்று வண்டிக்கும் ஒர்க்‌ஷாப்பில் நடக்கும் வைத்தியம் பெரும்பாலும் ஒன்றுதான். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய், வாட்டர் பம்பை மாற்று, தெர்மோஸ்டாட் வால்வை (இன்ஜின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைப்பது) பிடுங்கிப் போடு. முள் சொல்வது உண்மையா என்று முதலில் பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பார்க்க வோல்ட்டும் மின்தடையும் அளக்கும், ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர், ஒரு முழ வயர், அரை மணி நேரம் போதும். 1983-ல் வந்து 2014-ல் உற்பத்தி நின்ற மாருதி 800, அதே 2014-ல் நின்ற அம்பாசடர், அதற்கு முன்பே நின்றுபோன பத்மினி என்று இந்தப் பக்கம் இன்னும் எத்தனையோ பழைய வண்டிகள் ஓடுகின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவும் அவற்றில் கை வைக்கும் இளம் மெக்கானிக்குகளுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் அமைப்பு. இன்ஜினில், தண்ணீர் ஓடும் பாதையில், பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்கும் இடத்துக்கு அருகே, பித்தளையில் ஒரு சின்ன உறுப்பு மரை வைத்து இறுக்கப்பட்டிருக்கும். அதுதான் சென்டர். நம் பக்கத்தில் பல பேர் சென்சார் என்றே சொல்கிறார்கள். அதற்குள் இருக்கும் பொருள் சூடு ஏற ஏற மின்தடையைக் குறைத்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது பல நூறு ஓம்ஸ் (மின்தடையின் அளவு) இருப்பது, கொதிநிலை அருகே முப்பது ஓம்ஸுக்கும் கீழே வந்துவிடும். டேஷ்போர்டு மீட்டரிலிருந்து ஒரே ஒரு வயர் அதற்கு வரும். திரும்பும் பாதை இன்ஜின் இரும்பு வழியாக, அதாவது எர்த். தடை குறைந்தால் கரண்ட் கூடும், முள் ஏறும். இவ்வளவுதான். மீட்டர், வயர், சென்டர், எர்த் இந்த நான்கில் எது கெட்டாலும் முள் பொய் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஃபேன் சுவிட்ச், மீட்டருக்கான சென்டர், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வண்டியாக இருந்தால் கம்ப்யூட்டருக்கான சென்சார் என்று மூன்று உறுப்புகள் இருக்கலாம், மூன்றும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். பெரும்பாலும் ஒற்றை வயர் போவது மீட்டருக்கு. இரண்டு வயர் போவது ஃபேனுக்கோ கம்ப்யூட்டருக்கோ. மீட்டர் வேலை செய்யவில்லை என்று ஃபேன் சுவிட்சை மாற்றிவிட்டு, "புதுசு போட்டும் சரியாகலீங்க" என்று வரும் வண்டிகள் நிறைய. வயரின் நிறத்தை மீட்டர் வரை பின்தொடர்ந்து உறுதி செய்துகொண்டு தொடங்குவது நல்லது.

சோதனையைக் குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பிக்க வேண்டும். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் முள்ளைப் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் முள் குளிர் முனையில் இருக்க வேண்டும். சாவி போட்டதுமே முள் நேராகச் சிவப்புக்கு ஓடினால் இன்ஜின் மீது பழி இல்லை. சென்டர் உள்ளே ஷார்ட், அல்லது வயர் எங்கோ உரசி இரும்பைத் தொடுகிறது. சென்டர் வயரைக் கழற்றுங்கள். முள் கீழே வந்தால் சென்டரை மாற்ற வேண்டும். வயரைக் கழற்றியும் முள் மேலேயே நின்றால் வயரிங்கில் ஷார்ட். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு அருகே, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டில் வயர் நுழையும் ரப்பர் வளையத்தில், பேட்டரி தட்டுக்கு அடியில் என்று இந்த மூன்று இடத்தையும் முதலில் பாருங்கள்.

முள் எழும்பவே இல்லை என்றால் சோதனை எதிர்ப்பக்கமாக. சென்டரிலிருந்து வயரைக் கழற்றி, சாவி ஆன் நிலையில், அதன் நுனியை இன்ஜினின் சுத்தமான இரும்பில் தொட வேண்டும். முள் சூடு முனைக்குப் போனால் மீட்டரும் வயரும் நல்லவை, குற்றவாளி சென்டர் அல்லது அதன் எர்த். போகவில்லை என்றால் வயர் அறுந்திருக்கிறது அல்லது மீட்டரில் கோளாறு. ஆனால் நேராக எர்த்தில் தொட்டுக்கொண்டே நிற்பதை நாங்கள் ஏற்பதில்லை. சில மீட்டர்களின் சுருள் அந்தக் கரண்டைத் தாங்காது. வயருக்கும் எர்த்துக்கும் நடுவே 27 ஓம்ஸ், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துத் தொடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அவசரத்துக்கு டேஷ்போர்டில் போடும் 12 வோல்ட் சின்ன பல்பும் உதவும். பழைய பைமெட்டல் மீட்டரில் (கரண்ட்டின் சூட்டில் வளையும் இரட்டை உலோகப் பட்டை முள்ளை நகர்த்தும் வகை) முள் மெதுவாக, அரை நிமிடம் எடுத்துக்கொண்டு ஏறும். அதைப் பார்த்து 'மீட்டர் செத்துப்போச்சு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அதன் குணமே அதுதான்.

ரெசிஸ்டரை வைத்து இன்னும் ஒரு படி போகலாம். சென்டர் வயர் நுனியில் 150, 47, 27 ஓம்ஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு எர்த் கொடுங்கள். பழைய சுசுகி வகை ஒற்றை வயர் சென்டர்களில் 50 டிகிரியில் தடை சுமார் 135 முதல் 180 ஓம்ஸ் வரை, 80 டிகிரியில் 50 ஓம்ஸ் பக்கம், 100 டிகிரியில் 26 முதல் 29 ஓம்ஸ். ஆகவே அந்த மீட்டரில் 150 போட்டால் முள் கீழ்ப்பகுதியிலும், 47 போட்டால் நடுப்பக்கமும், 27 போட்டால் சூடு முனை அருகிலும் நிற்க வேண்டும். வேறு கம்பெனி வண்டிக்கு எண்கள் மாறும், அந்தந்த சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். முள் மூன்று இடத்திலும் ஒழுங்காக நின்றால் டேஷ்போர்டைக் கழற்றும் வேலையே இல்லை.

இனி சென்டர். அதைச் சோதிக்கச் சமையலறையே போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர், அதில் 110 டிகிரி வரை காட்டும் ஒரு தெர்மாமீட்டர் (காய்ச்சல் பார்ப்பது அல்ல), அடுப்பு. சென்டரின் அறுகோணத் தலையில் கம்பி கட்டித் தொங்கவிட்டு, பித்தளை முனை மட்டும் தண்ணீரில் இருக்கும்படி பிடியுங்கள். பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது, அடியில் சூடு அதிகம். மல்டிமீட்டரை ஓம்ஸ் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சென்டரின் டெர்மினலிலும் மற்றதைப் பித்தளை உடம்பிலும் வையுங்கள். 50, 80, 95 டிகிரிகளில் குறித்துக்கொள்ளுங்கள். அடுப்பை மெதுவாக வையுங்கள். வேகமாகச் சூடேற்றினால் தெர்மாமீட்டர் ஒன்று சொல்லும், சென்டர் வேறொன்று சொல்லும். தடை படிப்படியாக, தாவாமல் இறங்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் எண் குதித்தாலோ, சூடேறியும் அசையாமல் நின்றாலோ அது தேறாது.

ஊட்டி, குன்னூரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகாது. ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீர்தானே, 100 இருக்கும் என்று தெர்மாமீட்டர் இல்லாமல் கணக்குப் போட்டால் நல்ல சென்டரையும் கெட்டது என்று தூக்கி எறிய நேரும்.

புதுச் சென்டர் வாங்கினால் அதையும் மாட்டுவதற்கு முன் இதே பாத்திரத்தில் போட்டுப் பாருங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறோம். கம்பெனி அல்லாத சென்டர்களில் மரை சரியாக இருக்கும், டெர்மினல் சரியாக இருக்கும், உள்ளே இருக்கும் தடையின் அளவு வேறு ஏதோ வண்டிக்கானதாக இருக்கும். மாட்டிய நாளிலிருந்து முள் எப்போதும் முக்கால் பங்கில் நிற்கும். வண்டிக்காரர் ரேடியேட்டர் மாற்றுவார், ஃபேன் மாற்றுவார், பணம் போய்க்கொண்டே இருக்கும். பழையதையும் புதியதையும் ஒரே தண்ணீரில் ஒன்றாகத் தொங்கவிட்டு எண்ணை ஒப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். உக்கடம் பக்கம் பழைய சாமான் கடைகளில் கழற்றிப்போட்ட ஒரிஜினல் சென்டர் கிடைத்தால், இந்தச் சோதனையில் தேறுவதாக இருந்தால், அதுவே மேல்.

கொங்குப் பகுதிக்கே உரிய ஒரு கோளாறும் உண்டு. அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டு கீசரின் காயிலில் படிவது போல, அதே வெள்ளைப் பாறை ரேடியேட்டர் குழாய்களிலும் சென்டரின் முனையிலும் படியும். கழற்றிப் பார்த்தால் பித்தளையே தெரியாது, சுண்ணாம்புத் தொப்பி போட்டது போல இருக்கும். தண்ணீரின் சூடு அந்தத் தொப்பியைத் தாண்டி உள்ளே போக நேரமாகும். இன்ஜின் கொதிக்கும் நேரத்தில் முள் இன்னும் நடுவில் இருக்கும். சென்டரைத் தூக்கி எறிய வேண்டாம். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். பிளேடால் சுரண்டாதீர்கள். சிறுவாணித் தண்ணீர் உப்பில்லாதது என்றாலும் ரேடியேட்டருக்குப் பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுவதுதான் முறை. துரு பிடிக்காமல் தடுப்பது கூலன்ட்தான், வெறும் தண்ணீர் எவ்வளவு நல்ல தண்ணீராக இருந்தாலும் அதைச் செய்யாது.

சென்டரை மாட்டுவதில் நடக்கும் ஒரு தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் கசியக் கூடாது என்று மரையில் டெஃப்லான் டேப்பை ஐந்தாறு சுற்றுச் சுற்றிவிடுகிறார்கள். பிளம்பருக்கு அது சரி. இங்கே அந்த மரைதான் எர்த். டேப் தடிமனானால் எர்த் பலவீனமாகும், முள் எப்போதும் உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். புதுச் சென்டர், புது வயர், புது மீட்டர் எல்லாம் போட்டும் சரியாகாத வண்டிகளில் இந்த டேப்பை உரித்தெடுத்ததும் முள் ஒழுங்காக நிற்பதுண்டு. வாஷர் உள்ள சென்டருக்குப் புதுச் செம்பு வாஷர் போதும். சாய்வு மரை உள்ளதற்கு மரையின் நடுவில் மட்டும் லேசாகச் சீலன்ட் தடவினால் போதும். பொருந்தும் பாக்ஸ் ஸ்பேனரால், கை பலத்துக்கு மேல் சற்றே இறுக்குங்கள். அலுமினிய ஹவுசிங்கில் மரை உருண்டுவிட்டால் அந்த ஹவுசிங்கையே மாற்ற வேண்டிவரும்.

மாட்டியபின் எர்த்தைப் பார்த்துவிடுங்கள். இன்ஜின் ஓட, ஹெட்லைட் எரிய, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மறு முனையைச் சென்டரின் பித்தளை உடம்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2-ஐத் தாண்டினால் இன்ஜினையும் பாடியையும் பேட்டரியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றி, இரண்டு முனையையும் உப்புத்தாள் போட்டுப் பளபளக்கத் தேய்த்து மாட்டுங்கள். ஹெட்லைட் போட்டால், வைப்பர் போட்டால், இண்டிகேட்டர் விட்டு விட்டு எரியும்போது அதனோடு சேர்ந்து முள் ஆடினால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எர்த்தான்.

பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் ஒரே நேரத்தில் தப்புக் காட்டினால் சென்டரைத் தொடவே வேண்டாம். டேங்கிலும் இன்ஜினிலும் ஒரே நாளில் இரண்டு சென்டர் கெடுவது அபூர்வம். பைமெட்டல் மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் இருக்கும். மீட்டர் போர்டின் பின்பக்கம் தீப்பெட்டியைவிடச் சின்ன தகரப் பெட்டி. பேட்டரி 12 கொடுத்தாலும் 14 கொடுத்தாலும் மீட்டருக்குச் சராசரி 10 வோல்ட் போகும்படி விட்டு விட்டுக் கரண்ட் கொடுப்பது அதன் வேலை. அதன் வெளி முனையில் டெஸ்ட் லேம்ப் வைத்தால் விளக்கு மினுக்கி மினுக்கி எரிய வேண்டும். மினுக்காமல் நிலையாக எரிந்தால் உள்ளே கான்டாக்ட் ஒட்டிக்கொண்டது, அல்லது அதன் எர்த் ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது. இரண்டு முள்ளும் உயர்த்திக் காட்டும். டேங்கில் பாதி இருக்கும்போது முக்கால் காட்டும், இன்ஜின் நன்றாக இருக்கும்போது கொதிப்பு காட்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் ஸ்டெபிலைசர் செத்தது அல்லது ஃபியூஸ். முதலில் அந்த ஸ்க்ரூவைக் கழற்றித் துருவைத் தேய்த்து இறுக்குங்கள். பாதி வண்டிகள் அதிலேயே சரியாகும். புதிது கிடைக்காவிட்டால் 7810 என்ற மூன்று கால் ரெகுலேட்டரை ஒரு அலுமினியத் தகட்டில் பொருத்திப் போடலாம், சரியாக 10 வோல்ட் தரும். சென்டர் வயரை எர்த் கொடுக்கும் சோதனையை இதை முடித்த பிறகே செய்யுங்கள்.

மாருதி மாதிரி வண்டிகளில் மீட்டர் போர்டின் பின்னால் வயருக்குப் பதிலாகச் செம்புக் கோடு ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும். வருடங்கள் ஓடினால் மீட்டரின் பித்தளை நட்டுகள் தளர்ந்து, செம்பு பச்சை பிடிக்கும். பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெதுவாக அழித்து நட்டை இறுக்கினால் போதும், வேறு செலவில்லை. தோட்டத்தில், தென்னை மரத்தடியில் நிற்கும் வண்டிகளுக்கு எலியும் அணிலும் இன்னொரு காரணம். மேல் தோல் நன்றாக இருந்து உள்ளே செம்பு அறுந்திருப்பதும் உண்டு. வயரை இரண்டு விரலில் பிடித்து, சென்டர் முனையிலிருந்து ஒவ்வொரு சாணாக மடக்கி நிமிர்த்திக்கொண்டே வாருங்கள். எங்கே மடக்கும்போது முள் துள்ளுகிறதோ அங்கேதான் வெட்டு. மிகப் பழைய சில ஜீப், கார்களில் வயரே இருக்காது, மீட்டரிலிருந்து இன்ஜின் வரை ஈதர் நிரப்பிய மெல்லிய செம்புக் குழாய் ஒன்று போகும். அது மடங்கினாலோ வெட்டுப்பட்டாலோ ஒட்டிச் சரிசெய்ய முடியாது. இன்ஜினை இறக்கும்போது அந்தக் குழாயின் நுனியில், இன்ஜினுக்குள் இருக்கும் குமிழைக் கழற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும்.

இதெல்லாம் பார்த்து மீட்டர் நல்லது என்று தெரிந்தால், அப்போதுதான் இன்ஜின் பக்கம் திரும்ப வேண்டும். மீட்டரைச் சாராமல் சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், அதாவது துப்பாக்கி மாதிரி பிடித்துப் பார்க்கும் கருவி, இப்போது ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதில் பெரும்பாலோர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பளபளக்கும் அலுமினியத்தின் மீது பிடித்தால் அது நிஜத்தைவிட மிகவும் குறைத்துக் காட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங்கின் மீது கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அந்த டேப்பின் மீது பிடித்துப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின் 80-க்கும் 95-க்கும் நடுவே காட்டினால், முள் எங்கே இருந்தாலும் இன்ஜின் நலமாக இருக்கிறது என்று அர்த்தம். கருவி இல்லாதவர்களுக்கு எலக்ட்ரிக் ஃபேனே சாட்சி. ஏசியை நிறுத்திவிட்டு வண்டியை நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். ஃபேன் தானாக ஓடி, கொஞ்ச நேரத்தில் தானாக நின்று, மறுபடி ஓடினால் கூலிங் வேலை செய்கிறது. அந்த நேரத்தில் முள் சிவப்பில் இருந்தால் பொய் சொல்வது முள்தான். ஃபேன் சுற்றத் தொடங்கியும் முள் அடியிலேயே கிடந்தாலும் பொய் சொல்வது முள்தான்.

முள் எப்போதும் கீழேயே கிடக்க, இழுவை குறைந்து பெட்ரோல் செலவு கூடியிருந்தால், தெர்மோஸ்டாட் வால்வு திறந்தபடி ஒட்டியிருக்கிறது, அல்லது யாரோ பிடுங்கிவிட்டார்கள். அவிநாசி ரோட்டில் நெரிசலில் நிற்கும்போது முள் எழும்பி, பைபாஸில் வேகமெடுத்ததும் இறங்கினால் அது மீட்டர் கோளாறு இல்லை, வால்வின் அடையாளம். 'நம்ம ஊர் வெயிலுக்கு வால்வு எதுக்குங்க' என்பது இங்கே ரொம்ப நாளாக வேரூன்றிய தப்பான பழக்கம். வால்வு இல்லாத இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமலே ஓடும், ஆயிலில் கசடு சேரும், ரிங்கும் போரும் சீக்கிரம் தேயும். சில இன்ஜின்களில் அந்த வால்வின் அடித்தட்டுதான், ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கிறது. அதை எடுத்துவிட்டால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள் சுற்றி, மலை ஏற்றத்தில் கொதித்துவிடும். அதாவது கொதிப்பைத் தடுக்கப் பிடுங்கினது கொதிப்பைக் கொண்டுவரும். 82 டிகிரி என்று முத்திரை உள்ள வால்வு 82-ல் திறக்க ஆரம்பித்து 95 அருகே முழுதாகத் திறக்க வேண்டும். சென்டரைச் சோதித்த அதே பாத்திரத்தில், ஒரு நூலை வால்வின் வாயில் கவ்வவிட்டுத் தொங்கவிடுங்கள். திறக்கும் நொடியில் வால்வு நூலை விட்டுத் தண்ணீரில் விழும். அந்த நேரத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டால் போதும்.

எல்லாவற்றிலும் ஆபத்தான குறி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். மேட்டில் ஏறிக்கொண்டிருக்கும்போது முள் மேலே போய், பின் திடீரென்று சரசரவென்று கீழே இறங்கினால் 'அப்பாடா, ஆறிவிட்டது' என்று நினைக்கவே கூடாது. ஏற்றத்தில் இழுக்கும் இன்ஜின் தானாக ஆறாது. தண்ணீர் ஒழுகிப்போய்ச் சென்டரின் முனை வெறும் காற்றில் நிற்கிறது. சென்டர் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் உறுப்பு. தண்ணீரே இல்லாத இடத்தில் அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் ஹீட்டர் போட்டுப் பாருங்கள். முன்பு சூடாக வந்த காற்று குளிர்ந்து வந்தால் தண்ணீர் இல்லை என்பது உறுதி. உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள். இன்னும் இரண்டு வளைவு போனால் ஹெட் வளைந்துவிடும்.

முள் சிவப்பைத் தொட்டு, தண்ணீர் ஒழுகாமல் இருந்தால், ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஓடுகிறதா என்று பார்த்து, இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். ரேடியேட்டர் மூடியை அரை மணி நேரத்துக்கு, முடிந்தால் முக்கால் மணி நேரத்துக்குத் தொடாதீர்கள். 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். அதே காரணத்தால்தான் மூடியின் ரப்பர் போன வண்டி தரையில் கொதிக்காமல் குன்னூரில் கொதிக்கிறது. நூறு, இருநூறு ரூபாய் மூடியை மாற்றாமல் மலை ஏறாதீர்கள். சூடான இன்ஜின் மீது ஆற்றுத் தண்ணீரைக் குடத்தோடு ஊற்றுவதும் வேண்டாம், பிளாக் விரிசல் விடும்.

கடைசியாக, பழைய கார் வாங்குபவர்களுக்கு. 'முள்ளு ஏறுனா பயமா இருக்குதுங்க, வயரைக் கழட்டி உட்டுருங்க' என்று கேட்பவர்களும், கேட்டதும் கழற்றிவிடும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் சில வண்டிகளில் சென்டர் வயரின் நுனியில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்து, டேப் சுற்றி, முள் எப்போதும் நடுவில் நிற்கும்படி செய்துவிடுகிறார்கள். இதைக் கண்டுபிடிப்பது எளிது. காலையில், வண்டி குளிர்ந்திருக்கும்போது போய், சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே முள் நடுவுக்கு ஏறி நின்றால் பானட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் செய்தபின் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முள் படிப்படியாக ஏறி ஓரிடத்தில் நிலைகொள்ள வேண்டும். 'சாயங்காலம் வாங்க, வண்டிய சூடு பண்ணி வெக்கறோம்' என்று சொன்னால் காலையில்தான் வருவோம் என்று சொல்லிவிடுங்கள்.

ஒர்க்‌ஷாப் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ரேடியேட்டரையோ வாட்டர் பம்பையோ கழற்றுவதற்கு முன், சென்டரின் குளிர்ந்த நிலை ஓம்ஸ், சூடான நிலை ஓம்ஸ், எர்த் வோல்டேஜ், டேப்பின் மீது பிடித்த சூடு என்ற நான்கு எண்களை ஜாப் கார்டில் எழுதி வண்டிக்காரரிடம் காட்டுங்கள். சென்டரை மாற்றியபின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரைச் சூட்டில் போட்டு, குமிழி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றிய பிறகே வண்டியை ஒப்படையுங்கள். உள்ளே காற்று நின்றால் புதுச் சென்டரும் முதல் மேட்டிலேயே பொய் சொல்லும்.

இப்படிக்கு,
பழைய கார் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள்,
பல்லடம்.